ஓசை மாறினால் விசுவாசம் மாறுமா?

“ராக் இசை சாத்தானின் இசை” என்னும் வாக்கியம் நம் தியானக் கூட்டங்களிலும் இளைஞர் முகாம்களிலும் இன்றும் முழங்குகிறது. முழங்குவோர் எந்தக் குழுவைச் சொல்கிறார்கள், எந்தப் பாடலைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் விடை வராது. நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா என்று வினவினாலோ, நஞ்சு என்று அறிய அதைக் குடித்துப் பார்க்க வேண்டுமா என்ற எதிர்வினா வரும். சாமர்த்தியமான எதிர்வினாதான். ஆனால், நஞ்சு என்று முடிவுகட்டிய பிறகு எழுப்பப்படும் வினா அது. மூடிய புட்டிக்குள் இருப்பது நஞ்சா மருந்தா என்று யாரேனும் ஒருவர் திறந்து பார்த்தாக வேண்டும் அல்லவா?

திறந்து பார்க்கும் அக்கடமை நம்மேல் வந்து விழுந்தது. அத்தகைய தியானம் ஒன்றுக்குச் சென்று திரும்பிய நம் பங்கின் இளைஞர் ஒருவர், மாலைத் திருப்பலிக்குப்பின் குறுந்தகடுகள் நிறைந்த துணிப்பையோடு நம் அறைக்கு வந்தார். “சுவாமி, இவற்றை எரித்துவிட்டுத்தான் நன்மை வாங்க வேண்டும் என்கிறார்கள். எரிக்கவா?” என்று கேட்டார். மூன்று வாரமாக அவர் நன்மை வாங்கவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறிப் பையை வாங்கி வைத்தோம். குருமடத்தில் கிரகோரியன் பண்ணும், பங்குகளில் நம் கீர்த்தனைகளும் கேட்டுப் பழகிய காதுகள் நம்முடையவை. முதல் நாள் கேட்டது நமக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் பிடிக்காதது வேறு, பாவம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நம்மிடையே நிலவும் பெரும் பிழை என்று காட்டவே இக்கட்டுரை.

அப்பையில் இருந்த ஒரே ஒரு குழுவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். பொதுப்படப் பழிப்போருக்குப் பொதுப்படவே விடை கூறினால் வழக்கு காற்றோடு போய்விடும்.

ஏரிக்கரையில் ஒரு தம்பதியர்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் டுலூத் என்னும் துறைமுக நகர் உள்ளது. இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் கப்பல்களின் ஊர். நீண்ட கடுங்குளிரின் ஊர். அங்கே 1993ஆம் ஆண்டு ‘லோ’ என்னும் இசைக்குழு தோன்றியது. ‘தாழ்ந்த’ என்பது அப்பெயரின் பொருள். ஆலன் ஸ்பார்ஹாக் கிட்டார் வாசித்துப் பாடினார். அவர்தம் மனைவி மிமி பார்க்கர் டிரம் வாசித்துப் பாடினார். மூன்றாமவராக ஒருவர் பேஸ் கிட்டார் வாசித்தார். மூன்றாம் இடத்தில் ஆட்கள் பலமுறை மாறினார்கள், தம்பதியர் மாறவில்லை.

அக்காலம் ராக் உலகில் இரைச்சலின் காலம். சியாட்டில் நகரிலிருந்து கிளம்பிய நிர்வாணா போன்ற குழுக்களின் முரட்டு ஓசையை உலகெங்கும் இளைஞர்கள் கொண்டாடிய நேரம் அது. அந்நேரத்தில் இம்மூவரும் நேர் எதிர்த்திசையில் நடந்தார்கள். எவ்வளவு மெதுவாக வாசிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசித்தார்கள். எவ்வளவு தாழ்ந்த குரலில் பாட முடியுமோ அவ்வளவு தாழ்ந்து பாடினார்கள். ராக் குழு என்றால் அடுக்கடுக்கான டிரம்களுக்கு நடுவே ஒருவர் அமர்ந்து அடித்து நொறுக்குவார் என்பதே நம் எண்ணம். மிமி பார்க்கரோ நின்றுகொண்டே வாசித்தார். ஓரிரு டிரம்களும் ஒரு வெண்கலத் தட்டுமே அவர்முன் இருந்தன. பெரும்பாலும் கோலால் அடிக்காமல் மெல்லிய கம்பிக் கற்றையால் வருடினார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே மௌனம் வந்து அமர்ந்துகொள்ளும்.

1994ஆம் ஆண்டு வெளியான முதல் தொகுப்பின் பெயர் ‘ஐ குட் லிவ் இன் ஹோப்’. எதிர்நோக்கில் நான் வாழக்கூடும் என்று பொருள். அதிலுள்ள பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல்லே தலைப்பு. தாலாட்டு என்று பெயரிட்ட பாடல் ஒன்று ஏறத்தாழ பத்து நிமிடம் நீள்கிறது. தேவையற்றதை நீக்கி, நீக்கி, இதற்குமேல் நீக்க இயலாது என்னும் எல்லையில் நின்ற இசை அது. தவக்காலத்தில் பீடத்தின் பூக்களை அகற்றும் நமக்கு அந்த வறுமை புரியாமல் போகுமா?

தொடக்கத்தில் இவ்விசையைக் கேட்க ஆள் இல்லை. மதுக்கூடங்களில் வாசித்தபோது கூடியிருந்தோர் தம் போக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தகைய வேளையில் எந்தக் கலைஞரும் ஒலியைக் கூட்டுவார். இவர்கள் ஒலியைக் குறைத்தார்கள். 1996ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்த இசைவிழாவில், கீழ்த்தளத்தில் வாசித்த வன்மையான குழுவின் இரைச்சல் இவர்கள் பாடலை விழுங்கிவிட்டது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல நிலைமை தலைகீழாயிற்று. இவர்கள் பாடும் அரங்குகளில் மக்கள் மூச்சடக்கிக் கேட்கத் தொடங்கினார்கள். குறைந்த ஒலி, மனிதரைச் செவிசாய்க்கப் பழக்கிவிட்டது. புயலிலும் நிலநடுக்கத்திலும் காணாத ஆண்டவரை மெல்லிய ஓசையில் எலியா கண்டுகொண்டதை ஆண்டுதோறும் மறையுரையில் சொல்லும் நமக்கு இது வியப்பளிக்கக் கூடாது.

‘சாத்தானின் இசை’ என்போர் இவ்விடத்தில் சற்று நின்று விடை கூறட்டும். எது சாத்தான்? கிட்டாரா? மௌனமா? கணவனும் மனைவியும் குரல் இணைந்து பாடுவதா?

மாறிய ஓசை

இங்கே முடித்திருந்தால் நம் வாதம் எளிதாகியிருக்கும். மென்மையான ராக் நல்லது, வன்மையான ராக் தீயது என்று ஒரு சமரசம் செய்துகொண்டு எழுந்துவிடலாம். ஆனால் இக்குழு நமக்கு அந்த வசதியைத் தரவில்லை. அதன் ஓசை மாறியது, மிகவும் மாறியது.

முதல் மூன்று தொகுப்புகளைப் பெருநிறுவனம் ஒன்றின் கிளை வெளியிட்டது. பின்னர் சிகாகோவின் ‘கிராங்கி’ என்னும் சிறு நிறுவனத்துக்குச் சென்றார்கள். பெருவணிகத்துக்கு வெளியே, தம் வழியைத் தாமே வகுத்துக்கொள்ளும் விடுதலை அங்கே கிடைத்தது. 1999இலும் 2001இலும் வந்த தொகுப்புகளை, உள்ளதை உள்ளபடி பதிவு செய்வதில் பெயர்பெற்ற ஸ்டீவ் ஆல்பினி ஒலிப்பதிவு செய்தார். 1999ஆம் ஆண்டிலேயே கிறிஸ்து பிறப்புப் பாடல்களுக்கென ஒரு சிறு தொகுப்பும் வந்தது. பாலனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாத சிறுவன் தன் முரசை வாசித்துக் காணிக்கையாக்கும் பாடல் அதில் இடம்பெற்றது. அப்பாடலை 2000ஆம் ஆண்டில் துணி வணிக நிறுவனம் ஒன்று விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. அதை நாம் புகழவில்லை. வணிகத்தின் கை எட்டாத இடம் இக்காலத்தில் அரிது என்பதற்குச் சான்றாகவே குறிப்பிடுகிறோம்.

2005ஆம் ஆண்டு சியாட்டிலின் ‘சப் பாப்’ நிறுவனம் வெளியிட்ட ‘தி கிரேட் டெஸ்ட்ராயர்’ தொகுப்பில் கிட்டார் கர்ஜித்தது. பழைய அன்பர்கள் திகைத்தார்கள். தூய மௌனத்தைக் கைவிட்டார்களே என்று புலம்பியவர்களும் உண்டு. அவ்வாண்டே ஸ்பார்ஹாக்கின் மனநலம் குன்றி, இசைப்பயணம் நிறுத்தப்பட்டது. அதை அவர் ஒளிக்காமல் வெளியே சொன்னார். 2007ஆம் ஆண்டின் ‘டிரம்ஸ் அண்ட் கன்ஸ்’, ஈராக் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் வந்தது. இயந்திரத் தாளங்களும் துண்டுபட்ட ஒலிகளும் நிறைந்த அத்தொகுப்பில், கொலைக்கு இறைவன் பெயரைச் சொல்லும் மனிதனின் இருளை நேருக்கு நேர் பார்க்கும் பாடலும் உண்டு. போரை ஆசீர்வதித்த பிரசங்கங்கள் அந்நாட்டில் ஒலித்த காலம் அது என்பதை நினைவில் கொள்க.

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் மினியாப்பொலிஸ் நகரின் திறந்தவெளி விழாவில் இவர்கள் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பல பாடல்களை எதிர்பார்த்துக் கூடியிருந்தோர் முன்னே ஒரே ஒரு பாடலை 27 நிமிடம் வாசித்தார்கள். அது 1996ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருந்த பழைய பாடல். பெரும்பகுதி நம் சுருதிப்பெட்டி போல ஒரே நாதமாக நீண்டது. ஆங்கிலத்தில் அத்தகைய நிலைநாதத்தை ‘ட்ரோன்’ என்பார்கள். ஆளின்றிப் பறந்து குண்டு வீசும் விமானத்துக்கும் அதே பெயர். முடிவில் ஸ்பார்ஹாக் அந்தச் சொல்லின் இருபொருளை வைத்து, நாதம் வேண்டும், அந்த விமானங்கள் வேண்டாம் என்னும் கருத்தை மூன்று சொற்களில் கூறிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். கொடுத்த காசு வீண் என்று சினந்தவர்கள் இருந்தார்கள். வாழ்நாளில் மறவாத அனுபவம் என்றவர்களும் இருந்தார்கள்.

பின்னர் 2018ஆம் ஆண்டின் ‘டபுள் நெகட்டிவ்’. பி. ஜே. பர்ட்டன் என்னும் ஒலிப்பதிவாளரோடு சேர்ந்து உருவாக்கியது. வானொலி அலைவரிசை பிடிபடாமல் கரகரப்பதுபோலத் தொடங்குகிறது. குரல்கள் நீரில் மூழ்குகிறவர்போல அமிழ்ந்து, மீண்டும் மேலே வந்து, மூச்சு வாங்குகின்றன. 2021ஆம் ஆண்டின் ‘ஹே வாட்’ தொகுப்பிலோ கிட்டாரைக் கிட்டார் என்று அறிய முடியாதபடி ஒலி உடைக்கப்பட்டுள்ளது. டிரம் ஏறத்தாழ இல்லை. அந்த இடிபாடுகளின் மேலே கணவன் மனைவி இருவர் குரலும் தெளிவாக, இணைந்து, நிமிர்ந்து நிற்கின்றன. அதுவே பதின்மூன்றாவது தொகுப்பு. கடைசித் தொகுப்பும் அதுவே. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மிமி பார்க்கருக்குக் கருப்பைச் சூலகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2022 நவம்பர் 5ஆம் நாள், 55ஆம் வயதில் அவர் இறந்தார். குழுவும் அவரோடு முடிந்தது.

நியூமன் தரும் அளவுகோல்

மாற்றம் என்பது வளர்ச்சியா, சீர்கேடா? இவ்வினா நம் திருச்சபைக்குப் புதிதன்று. ஜான் ஹென்றி நியூமன் ஆங்கிலிக்கன் சபையை விட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த 1845ஆம் ஆண்டில், இதே வினாவுக்கு விடை தேடி ஒரு பெருநூல் எழுதினார். முதல் நூற்றாண்டுகளின் திருச்சபையும் இன்றைய உரோமைத் திருச்சபையும் பார்வைக்கு எவ்வளவு வேறுபட்டவை! இரண்டும் ஒன்றே என எவ்வாறு சொல்வது? மெய்யான வளர்ச்சியைச் சீர்கேட்டிலிருந்து பிரித்தறிய ஏழு அடையாளங்களை அவர் வகுத்தார். 2019இல் புனிதராகவும் 2025இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்டவரின் அளவுகோல் அது. அவர் அதைக் கோட்பாடுகளுக்காக வகுத்தார், பாடல்களுக்காக அல்ல என்பதை அறிவோம். ஆயினும், உயிருள்ள எதுவும் மாறாமல் வளர்வதில்லை என்னும் அவருடைய அடிப்படைக் கருத்து கலைக்கும் பொருந்தும். எனவே அவ்வடையாளங்களில் நான்கை மட்டும் கொண்டு இக்குழுவைச் சோதிப்போம்.

முதலாவது, மூல வடிவம் காக்கப்பட்டதா? காக்கப்பட்டது. 1994இன் மென்மையிலும் 2021இன் இடிபாட்டிலும் மையத்தில் இருப்பது இருவர் குரலின் இசைவே. சுற்றியுள்ள அனைத்தும் மாறியபின்னும் அது மாறவில்லை. குழந்தை முதியவனாகும்போது முகம் மாறுகிறது, ஆள் மாறுவதில்லை.

இரண்டாவது, புறத்திலிருந்து வந்ததைத் தன்மயமாக்கும் ஆற்றல் இருந்ததா? இருந்தது. ஒலியை உடைக்கும் கருவிகளும் குரலைத் திரிக்கும் கருவிகளும் வணிக இசையின் கருவிகள். இவர்கள் அவற்றுக்கு அடிமையாகவில்லை. அவற்றைத் தம் புலம்பலுக்குப் பணிசெய்ய வைத்தார்கள்.

மூன்றாவது, பின்னர் மலர்ந்ததன் விதை முன்னரே இருந்ததா? இருந்தது. மினியாப்பொலிஸில் 27 நிமிடம் நீண்ட அப்பாடல் 1996ஆம் ஆண்டிலேயே 14 நிமிடத்துக்கும் மேலாகப் பதிவானது. மென்மையின் காலத்திலேயே இரைச்சலின் விதை ஊன்றப்பட்டிருந்தது. திடீரென்று ஒருநாள் இவர்கள் கட்சி மாறவில்லை.

நான்காவது, நீடித்த உயிர்ப்பு உண்டா? இருபத்தெட்டு ஆண்டுகளில் பதின்மூன்று தொகுப்புகள். கடைசித் தொகுப்பு சோர்வின் அடையாளமே இல்லாதது. அதன் ஒலிப்பதிவுத் திறனுக்காகக் கிராமி விருதுக்கும் பெயர் முன்மொழியப்பட்டது. சீர்கெட்டது இவ்வளவு காலம் செழிக்காது.

இந்த அளவுகோலை மறந்ததால் நம்மவரே எத்தனைமுறை தடுமாறினர்! புதிய பல்குரல் இசை பழைய பண்களைத் துண்டுதுண்டாக்குகிறது என்று 1320களில் திருத்தந்தை 22ஆம் யோவான் கடிந்துகொண்டார். அதே பல்குரல் இசை பலஸ்திரீனாவின் கையில் முதிர்ந்தபின், 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் அதைக் கிரகோரியன் பண்ணுக்கு அடுத்த மாதிரியாகப் போற்றினார். போற்றிய அதே ஆவணத்தில் பியானோவையும் முரசையும் ஆலயத்துக்குள் தடைசெய்தார். திருப்பாடல்களின் கடைசிப் பாடலோ தாளக்கருவிகளைப் பெயர்சொல்லி அழைத்து இறைவனைப் புகழச் செய்கிறது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தகுதியுள்ள பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. மிருதங்கம் ஆலயத்துக்குள் வரலாமா என்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மிருதங்கம் இன்றிக் கீர்த்தனை பாடுவதில்லை. நேற்றைய ‘இரைச்சல்’ இன்றைய ‘மரபு’ ஆகிவிட்டது.

மூன்று மறுப்புகள்

நம்மை மறுப்போர் மூன்று அம்புகளை எடுப்பர். ஒவ்வொன்றையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதலாவது, பின்னர் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆகிய கர்தினால் ராட்சிங்கரின் கருத்து. 2000ஆம் ஆண்டில் வெளியான திருவழிபாடு பற்றிய நூலில் அவர் ராக் இசையைக் கண்டித்தார். பெருங்கூட்டத்திலும் தாளத்திலும் இரைச்சலிலும் மனிதன் தன்னை இழந்து, கிறித்தவ வழிபாட்டுக்கு எதிரான ஒரு வழிபாட்டில் கலந்துவிடுகிறான் என்பது அவர் கருத்தின் சாரம். இதை நாம் இலேசாக ஒதுக்கவில்லை. பேரரங்குகளில் நடக்கும் வெறியாட்டங்களைப் பார்த்தால் அவர் சொல்வது உண்மையே. ஆனால் அவர் விவரிப்பது இசையை ஒருவகையில் பயன்படுத்தும் முறையை. அந்த அளவுகோலையே வைத்துப் பார்த்தால், கூட்டம் பேசும்போது ஒலியைக் குறைத்து, கேட்போரைத் தம் மௌனத்துக்குத் திருப்பி அனுப்பிய குழு எப்பக்கம் நிற்கிறது? அவர் எழுதியது ஆராய்ந்து பிரித்தறிய. நம் மேடைப் பேச்சாளரோ அதைத் தடியாக எடுத்து எல்லார் தலையிலும் அடிக்கிறார்கள். மேலும், அவர் பேசியது திருவழிபாட்டைப் பற்றி. இவ்விசையைப் பீடத்தருகே கொண்டுவர வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. பீடத்துக்கு உரியதல்ல என்பதால் ஒன்று நரகத்துக்கு உரியதாகிவிடாது. வீட்டு முற்றத்தில் பாடும் தாலாட்டும், வயலில் பாடும் நடவுப் பாட்டும் திருப்பலியில் பாடப்படுவதில்லை. அவை பாவமா?

இரண்டாவது, இத்தம்பதியர் கத்தோலிக்கர் அல்லர். மார்மன் சபையினர் என்பது. உண்மை. அச்சபையின் திருமுழுக்கை நம் திருச்சபை ஏற்பதில்லை என்று 2001ஆம் ஆண்டில் உரோமை தெளிவாக அறிவித்தது. அவர்தம் போதனையை நாம் ஏற்கவில்லை. ஆயினும் பிற சமயங்களிலுள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் சங்கம் போதித்ததை மறந்துவிட்டோமா? செபிக்கும் ஒரு கணவனும் மனைவியும் மதுக்கூட மேடைகளில் முப்பது ஆண்டு ஒன்றாக நின்று, தம் ஐயத்தையும் அச்சத்தையும் மறைக்காமல் பாடினார்கள் என்பதை மதிக்கக் கத்தோலிக்கருக்குத் தடை என்ன?

இதில் நம் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. டுலூத் மறைமாவட்டத்தின் பழைய பேராலயமாகிய திரு இருதய ஆலயம் 1890களில் எழுந்தது. 1957இல் வேறோர் ஆலயம் பேராலயமாயிற்று. 1985இல் இது மூடப்பட்டது. 1898ஆம் ஆண்டின் அழகிய குழாய் ஆர்கன் உள்ளே இருந்தது. ஆர்வலர்கள் முன்வந்து ஆலயத்தை இசைக்கூடமாக்கிக் காத்தார்கள். இக்குழுவின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பும் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பும் அங்கே உருவாயின. நம்மவர் திருப்பலி நின்றுபோன கூரையின் கீழ், மார்மன் தம்பதியரின் குரல் எதிரொலித்தது. குருவாகிய நமக்கு இது வேதனையே. ஆனால் அவ்வாலயத்தை மூடியது ராக் இசை அன்று. அதன் சுவர்கள் காக்கப்பட்டதற்கு இசையும் ஒரு காரணம்.

மூன்றாவது மறுப்பே கடினமானது: முதற்காலத்து மென்மை சரி, பிற்காலத்து அருவருப்பான ஓசையை எப்படி ஏற்பது? இசை என்றால் இனிமை அல்லவா?

இதற்கு விடை நம் பெரிய வாரத்திலேயே உள்ளது. பெரிய வியாழன் மாலையில் ‘உன்னதங்களிலே’ பாடி முடிந்ததும் மணிகள் அடங்கிவிடுகின்றன. அதன்பின் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டி ஓசை எழுப்புகிறோம். அந்த ஓசை இனிமையானதா? இல்லை. வறண்ட ஓசை, சிறுபிள்ளைகள் திடுக்கிடும் ஓசை. மணி ஒலிக்கத் தெரியாமலா திருச்சபை கட்டையைத் தட்டுகிறது? ஆண்டவர் சிலுவையில் தொங்கும்போது இனிய மணி பொய்யாகிவிடும் என்பதால் தட்டுகிறது. திருப்பாடல்களில் 88ஆம் பாடல் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. அதை யாரும் திருநூலிலிருந்து கிழித்தெறியவில்லை. போரும் பொய்யும் நோயும் சூழ்ந்த காலத்தில் உடைந்த ஒலியில் பாடியவர்கள், தம் வெள்ளிக்கிழமையை மறைக்காமல் பாடினார்கள். அந்த உடைந்த ஒலிக்குள்ளும் இரு குரல்கள் ஒன்றையொன்று கைவிடவில்லை என்பதைக் கேட்டவர் அறிவர். இனிமையை மட்டுமே இசை என்போர், உயிர்ப்பு ஞாயிறை மட்டுமே கிறித்தவம் என்போர் ஆவர்.

மிமி இறந்தபின் ஸ்பார்ஹாக் 2024இல் தனியே ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் தம் குரலைத் தமதென்று அறிய இயலாதபடி கருவியால் மாற்றிப் பாடினார். முப்பது ஆண்டு இணைக்குரலோடு பாடியவருக்குத் தனிக்குரல் தாங்கவில்லையோ என்று எண்ணினோம். 2025இல் தம் ஊர்க் குழுவாகிய ‘டிராம்பிள்டு பை டர்ட்டில்ஸ்’ அன்பர்களோடு சேர்ந்து இன்னொன்று வெளியிட்டார். அதில் சொந்தக் குரல் திரும்பிவந்தது. துக்கம் காத்த வீட்டில் மௌனமாக அமர்ந்திருந்தவர், உறவினர் நடுவே முதன்முறையாக வாய்திறந்து பேசியதுபோல் இருந்தது. கைம்மையின் துயரை நம் மறையுரைகள் இவ்வளவு உண்மையாகச் சொல்லியிருக்கின்றனவா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோம்.

நம் காதுகளுக்கு ஒரு வேண்டுகோள்

இரைச்சலைக் கண்டிக்கப் புறப்பட்டால், கண்டிப்பு நம் வீட்டிலிருந்து தொடங்கட்டும். திருவிழாக் கொடி ஏறியதும் கோபுரத்தில் கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டிப் பத்து நாளும் ஊரை உறங்கவிடாமல் செய்பவர் யார்? திருவிருந்து நேரத்தில் மௌனத்துக்கு ஒரு நிமிடமும் இடமின்றி, மின்விசைப் பலகையின் ஆயத்த தாளத்தோடு பாட்டுக்குமேல் பாட்டு அடுக்குபவர் யார்? ராக் இசையைச் சபிக்கும் தியானத்திலேயே, கண்ணீர் வரவழைக்கும் வேளை பார்த்துப் பின்னணி இசையை மெல்ல உயர்த்துபவர் யார்? கர்தினால் ராட்சிங்கர் அஞ்சியது எதுவோ, அது சில வேளைகளில் நம் பந்தலின் கீழேயே நடக்கிறது. டுலூத்தின் மேடையைவிட நம் மேடையில் அது மிகுதி என்று சொன்னால் சினம் கொள்ளாதீர்.

புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில், பாடலின் பொருளைவிடக் குரலின் இனிமை தம்மை மிகுதியாக அசைத்ததோ என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் இருந்தும், ஆலயத்தில் பாடும் வழக்கத்தை அவர் தள்ளவில்லை. இந்த ஓசை என்னை எங்கே கொண்டுபோகிறது என்று தம்மையே கேட்டார். அக்கேள்வியைத்தான் நம் இளைஞருக்கு நாம் கற்றுத்தர வேண்டும். எந்த இசையானாலும், கேட்டு முடித்தபின் நீ பிறர்மேல் அதிக இரக்கம் கொண்டாயா, உன் உள்ளம் செபிக்க முடிந்ததா, பொய்யை வெறுத்தாயா என்று கேளுங்கள். தீப்பெட்டியை அவர்கள் கையில் கொடுக்காதீர்.

அந்தப் பையை அதற்குரியவரிடம் திருப்பிக் கொடுத்தோம். எல்லாத் தகடுகளையும் நாம் மெச்சவில்லை. இரண்டொன்று வீண் என்றே அவரிடம் சொன்னோம். எரிக்கச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவர் நன்மை வாங்க வரிசையில் நின்றார். ஆனால் அதே தியானத்திலிருந்து திரும்பி, யாரிடமும் கேளாமல் தாம் வைத்திருந்ததை எரித்துவிட்டவர் இருவரை நாம் அறிவோம். ஒருவர் இன்னும் வருகிறார், மற்றவர் வருவதில்லை. சில மாதங்களில் புதிதாக இசைத்தகடுகள் வாங்கிக்கொண்டார். ஆலயத்துக்கு மட்டும் திரும்பவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று நாம்தாமே அவருக்குச் சொன்னோம்? அவரும் தேர்ந்துகொண்டார்.

அவரை இழந்ததற்குக் கணக்குக் கேட்கப்படும் நாளில், ராக் இசையின்மேல் பழிபோட்டுத் தப்பிவிடலாம் என்று நாம் எண்ணவில்லை. நீங்களும் எண்ண வேண்டாம்.